தோட்டத்துப் பாடசாலை யாருடையது?

பெற்றோருக்கான பாடம்



ஒரு தோட்டத்தின் மேல் டிவிசனில் மாலை நேரம் பிள்ளைக்காம்பரா வாசலில் தாய்மார் கூட்டம் ஒன்று நடத்தினோம். பேச வந்த விஷயம் பிள்ளைகளின் நிறையும் சத்துணவும். ஆனால் கூட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரத்திலேயே ஓர் அம்மா எழுந்து நின்று வேறு ஒன்றைக் கேட்டார்.

"சார், எம் மக பதினோராம் வகுப்பு படிக்குது. போன வருஷம் செப்டம்பர்லேருந்து கணக்குக்கு டீச்சர் இல்ல. இந்த வருஷம் பரீட்சை. நாங்க யாருகிட்ட போயி கேக்குறது?"

அவர் சும்மா இருந்தவர் இல்லை. அவரும் இன்னும் நாலு பேரும் துரையிடம் போயிருக்கிறார்கள். "பாடசாலை அரசாங்கத்துடையது, நான் என்ன செய்ய?" என்று துரை சொல்லிவிட்டார். தோட்டத் தலைவரிடம் போனார்கள். "மேலிடத்தில் சொல்கிறேன்" என்றார். அதிபரிடம் கேட்டால், "வலயத்துக்கு அறிவித்துவிட்டேன்" என்று பதில். வலயம் என்றால் என்ன, அது எங்கே இருக்கிறது, அங்கே போனால் யாரைப் பார்ப்பது என்று அந்த ஐந்து பேருக்கும் தெரியாது. அப்படியே ஆறு மாதம் ஓடிவிட்டது.

அன்று சத்துணவுப் பாடத்தை நிறுத்திவிட்டு இதைத்தான் பேசினோம். மற்றத் தோட்டங்களிலும் இதே கேள்வி இருப்பதால் இங்கே எழுதுகிறோம். நம் பாடசாலையை யார் நடத்துகிறார்கள்? காசு எங்கிருந்து வருகிறது? பாடசாலை நன்றாக நடக்கிறதா இல்லையா என்று நாமே எப்படிக் கண்டுபிடிப்பது? இந்த மூன்றும் தெரிந்தால் நாலாவது கேள்விக்கு, அதாவது "யாருகிட்ட கேக்குறது" என்பதற்கு, விடை தானாக வரும்.

முன்பு யாருடையதாக இருந்தது?

துரையிடம் முதலில் ஓடியது நம் ஆட்களின் பிழை அல்ல. பழைய பழக்கம் அது. ஒரு காலத்தில் தோட்டப் பாடசாலை உண்மையிலேயே துரையின் பொறுப்பில்தான் இருந்தது.

1907ஆம் ஆண்டில் வெள்ளைக்கார அரசாங்கம் ஒரு சட்டம் போட்டது. தோட்டத்தில் உள்ள 6 முதல் 10 வயது வரையான பிள்ளைகளுக்குப் படிப்புச் சொல்லிக் கொடுக்க ஏற்பாடு செய்வது தோட்ட நிர்வாகத்தின் கடமை என்று அது சொன்னது. சட்டம் வந்தது, ஆனால் பாடசாலை என்று பெரிதாக எதுவும் வரவில்லை. லயத்துக் கோடியில் ஒரு காம்பரா, அல்லது தகரம் போட்ட ஒரு கொட்டில். ஐந்து வகுப்புக்கும் ஒரே வாத்தியார். எழுத்துக் கூட்டி வாசிக்கத் தெரிந்தால் போதும், அதற்கு மேல் படித்தால் மலைக்கு யார் போவது என்ற நினைப்பு பல இடங்களில் இருந்தது.

1945இல் கன்னங்கர அவர்களின் முயற்சியால் இலங்கையில் இலவசக் கல்வி வந்தது. நாட்டுப்புறத்துப் பிள்ளைகளுக்கு மத்திய மகா வித்தியாலயங்கள் திறக்கப்பட்டன. தோட்டப் பிள்ளைகள் அந்த ஓட்டத்தில் பின்தங்கியே நின்றார்கள். 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் நம் மக்களில் பெரும்பாலானோரை நாடற்றவர்கள் ஆக்கியது. வாக்கு இல்லாதவன் பிள்ளைக்குப் பாடசாலை கட்ட யார் அவசரப்படுவார்கள்? 1960, 1961ஆம் ஆண்டுகளில் உதவி பெறும் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்றபோதும் தோட்டப் பாடசாலைகள் வெளியிலேயே விடப்பட்டன.

1970களில் தோட்டங்கள் தேசியமயமான பிறகுதான் தோட்டப் பாடசாலைகளும் படிப்படியாக அரசாங்கத்தின் கைக்கு வந்தன. பெரும்பாலானவை 1977ஆம் ஆண்டுக்குப் பிறகு வந்தவை. மற்றப் பிள்ளைகளுக்கு இலவசக் கல்வி கிடைத்து முப்பது வருஷம் கழித்து நமக்குக் கிடைத்தது என்று இதைச் சுருக்கமாகச் சொல்லலாம். அதன் பிறகு வேகமாகவே மாற்றங்கள் வந்தன. 1980 முதல் பாடப்புத்தகம் இலவசம். 1980களின் நடுப்பகுதியில் இருந்து சுவீடன் நாட்டின் சீடா உதவியால் பல தோட்டப் பாடசாலைகளுக்குக் கட்டிடமும் ஆசிரியர் பயிற்சியும் கிடைத்தன. ஜெர்மன் நாட்டின் உதவியோடு பத்தனையில் ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி எழுந்தது. நம் தோட்டத்துப் பிள்ளைகளே அங்கே படித்து ஆசிரியர்களாகி வந்தார்கள். 1993இல் சீருடைத் துணி இலவசமாக வந்தது.

ஆகவே முதல் பாடம் இது: பாடசாலை இன்று துரையுடையது அல்ல. அது அரசாங்கப் பாடசாலை. ஆனாலும் தோட்டத்துக்கு அதில் ஒரு பங்கு உண்டு. பாடசாலையைச் சுற்றியுள்ள நிலம், அதற்குப் போகும் றோட்டு, பைப்பில் வரும் தண்ணீர் ஆகியவை பல இடங்களில் தோட்ட நிர்வாகத்தின் கையில் இருக்கின்றன. புதிய கட்டிடத்துக்கு நிலம் வேண்டும் என்றால் தோட்டத்தின் இணக்கமும் வேண்டும். நிலத்துக்கும் தண்ணீருக்கும் துரையிடம் போவது சரி. ஆசிரியருக்குப் போவது சரியல்ல.

இன்று யார் நடத்துகிறார்கள்?

1987இல் அரசியலமைப்புக்கு 13ஆவது திருத்தம் வந்தது. அதோடு மாகாண சபைகள் பிறந்தன. அன்றிலிருந்து பாடசாலைகள் இரண்டு வகையாகப் பிரிந்தன. சில நூறு பெரிய பாடசாலைகள் கொழும்பிலுள்ள கல்வி அமைச்சின் கீழ் நேரடியாக இருக்கின்றன. அவை தேசியப் பாடசாலைகள். மற்ற எல்லாம் மாகாணப் பாடசாலைகள். நாட்டில் உள்ள சுமார் 10,000 அரசாங்கப் பாடசாலைகளில் மிகப் பெரும்பாலானவை இந்த இரண்டாவது வகை. நம் தோட்டப் பாடசாலைகளும் அதில்தான் அடங்கும்.

மாகாணப் பாடசாலையின் நிர்வாகத்தை ஓர் ஏணியாக நினைத்துக்கொள்ளுங்கள். கீழ்ப்படியில் இருந்து மேலே போவோம்.

முதற்படி அதிபர். பாடசாலையின் அன்றாட நிர்வாகம், நேரசூசி, வரவு இடாப்பு, கணக்குப் புத்தகம் எல்லாம் அவர் பொறுப்பு. ஆசிரியரை நியமிக்கும் அதிகாரம் அவருக்கு இல்லை. வெற்றிடம் இருக்கிறது என்று எழுதி அறிவிப்பதே அவர் கடமை.

இரண்டாவது படி கோட்டக் கல்வி அலுவலகம். பக்கத்துப் பாடசாலைகள் சிலவற்றைச் சேர்த்தது ஒரு கோட்டம். கோட்டக் கல்விப் பணிப்பாளர் பாடசாலைகளுக்கு வந்து பார்ப்பார், மேற்பார்வை செய்வார்.

மூன்றாவது படி வலயக் கல்வி அலுவலகம். நமக்கு மிக முக்கியமான படி இதுதான். நாட்டில் சுமார் 100 வலயங்கள் உண்டு. நுவரெலியா மாவட்டத்தில் நுவரெலியா, ஹட்டன், கொத்மலை, வலப்பனை, ஹங்குராங்கெத்த என்று ஐந்து. வலயக் கல்விப் பணிப்பாளரின் கையில்தான் தம் வலயத்துக்குள் ஆசிரியர்களைப் பங்கிடும் வேலை இருக்கிறது. ஒரு பாடசாலையில் கணக்கு ஆசிரியர் இருவர், அடுத்ததில் ஒருவரும் இல்லை என்றால், அதைச் சமப்படுத்த முதலில் முயல வேண்டியவர் அவர். ஒவ்வொரு பாடத்துக்கும் ஆலோசகர்களும் வலயத்தில் இருப்பார்கள்.

நாலாவது படி மாகாணக் கல்வித் திணைக்களமும் மாகாணக் கல்வி அமைச்சும். ஒரு வலயத்திலிருந்து இன்னொரு வலயத்துக்கு மாற்றம், மாகாணத்துக்குப் புதிய ஆசிரியர் நியமனம், பெரிய கட்டிடம் போன்றவை இங்கே தீர்மானமாகும். மாகாண சபைகளின் பதவிக்காலம் 2017க்கும் 2019க்கும் இடையில் ஒவ்வொன்றாக முடிந்தது. அதன் பிறகு பல வருஷமாக மாகாண நிர்வாகம் ஆளுநர்மாரின் கீழேயே நடந்து வந்திருக்கிறது. நம் வாக்கை வாங்கிய மாகாண சபை உறுப்பினர் ஒருவரைத் தேடிப்போய்க் கேட்கும் வழி அத்தனை வருஷமும் அடைபட்டுக் கிடந்தது. அலுவலகத்துக்கு நாமே எழுதிக் கேட்பது அதனால்தான் இன்னும் அவசியமாகிறது.

மேற்படி கொழும்பு. பாடத்திட்டத்தைத் தேசிய கல்வி நிறுவகம் தயாரிக்கிறது. புத்தகத்தைக் கல்வி வெளியீட்டுத் திணைக்களம் அச்சிடுகிறது. பரீட்சையைப் பரீட்சைத் திணைக்களம் நடத்துகிறது. கொழும்பில் ராஜகிரியவில் படிக்கும் பிள்ளைக்கும் பொகவந்தலாவையில் படிக்கும் பிள்ளைக்கும் அதே பாடத்திட்டம், அதே வினாத்தாள். ஆசிரியர்தான் அதே மாதிரி கிடைப்பதில்லை.

காசு எங்கிருந்து வருகிறது?

"இலவசக் கல்வின்னு சொல்றாங்க, அப்புறம் ஏன் காசு கேக்குறாங்க?" இந்தக் கேள்வி எல்லாத் தோட்டத்திலும் வரும். பதில் சொல்ல, காசு வரும் பாதையைப் பார்ப்போம்.

பாடசாலைக்கான செலவில் மிகப் பெரிய பங்கு ஆசிரியர் சம்பளம். அந்தக் காசு கொழும்புத் திறைசேரியில் இருந்து மாகாணத்துக்கு வருகிறது. எந்த மாகாணத்துக்கு எவ்வளவு என்று நிதி ஆணைக்குழு சிபாரிசு செய்கிறது. மாகாணம் அதைச் சம்பளமாகக் கொடுக்கிறது. கட்டிடம், தளபாடம் போன்றவற்றுக்கு அபிவிருத்தி ஒதுக்கீடு என்று தனியாக வரும். இது சம்பளத்தோடு ஒப்பிட்டால் சிறிய தொகை. நாடு நெருக்கடியில் விழும்போது முதலில் வெட்டுப்படுவதும் இதுதான். 2022ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடியில் இதை எல்லோரும் கண்ணால் பார்த்தோம்.

பாடப்புத்தகம், சீருடைத் துணி, புலமைப்பரிசில் உதவிப்பணம், ஆரம்பப் பிரிவுப் பிள்ளைகளின் சாப்பாடு ஆகியவை மத்திய அரசாங்கத்தின் கணக்கில் வருபவை. 2023இல் சீருடைத் துணியின் பெரும்பகுதி சீனாவின் அன்பளிப்பாக வந்தது. 2024இல் பாடசாலைச் சாப்பாட்டுத் திட்டம் ஆரம்பப் பிரிவுப் பிள்ளைகள் எல்லோருக்கும் என்று விரிவாக்கப்பட்டது.

பாடசாலையின் கைக்கு நேராக வரும் காசு ஒன்றும் உண்டு. அதன் பெயர் தர உள்ளீட்டு நிதி. 2000ஆம் ஆண்டளவில் ஆரம்பமானது. வரைபடம், விஞ்ஞானக் கருவி, கடதாசி, விளையாட்டுச் சாமான் என்று படிப்பிப்பதற்குத் தேவையானவற்றை வாங்க இந்தப் பணம். பிள்ளைகளின் எண்ணிக்கையைப் பார்த்து ஒதுக்குகிறார்கள். நம் சின்னப் பாடசாலைக்கு வருவது சின்னத் தொகைதான். ஆனால் அந்தச் சின்னத் தொகையும் செலவாகாமல் வருஷக் கடைசியில் திரும்பிப் போவது உண்டு. அதற்குக் காரணம் திட்டம் எழுதாதது, கூட்டம் கூட்டாதது, விலைமனு எடுக்காதது.

கடைசியாக நம் காசு. பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் அங்கத்துவப் பணம், வசதிக் கட்டணம், விளையாட்டுப் போட்டிக்குச் சேர்ப்பது, கதவு உடைந்தால் சேர்ப்பது. நாட்டின் மொத்த உற்பத்தியில் நூற்றுக்கு இரண்டு பங்குக்கும் குறைவாகத்தான் அரசாங்கம் பல வருஷமாகக் கல்விக்குச் செலவிட்டு வருகிறது. பல நாடுகள் இதைவிட இரண்டு மடங்கு செலவிடுகின்றன. அங்கே விழும் ஓட்டையைப் பெற்றோரின் பையில் இருந்து அடைக்கிறார்கள். நகரத்துப் பாடசாலையில் பெற்றோர் வியாபாரிகள், உத்தியோகத்தர்கள். ஒரு கூட்டத்தில் ஒரு கம்பியூட்டர் அறைக்குக் காசு சேர்ந்துவிடும். நம் பாடசாலையில் ஒரு கதவுக்குச் சேர்க்கவே மூன்று சம்பளம் பார்க்க வேண்டும். 2019ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி நகரத்தில் நூற்றுக்கு 6 பேர் வறுமையில் இருந்தார்கள். தோட்டத்தில் நூற்றுக்கு 33 பேருக்கு மேல். "இரண்டு பாடசாலைக்கும் ஒரே சட்டம்" என்று சொன்னாலும், கை நீட்டும்போது இந்த வித்தியாசம் தெரியும்.

காசு கொடுக்க வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. கொடுத்தால் பற்றுச்சீட்டு வாங்குங்கள். காசு கட்டவில்லை என்பதற்காகப் பிள்ளையை வகுப்புக்கு வெளியே நிறுத்த யாருக்கும் உரிமை இல்லை.

பாடசாலை நன்றாக நடக்கிறதா?

பரீட்சை முடிவு வந்ததும் பாடசாலைப் பலகையில் "50 வீதம் சித்தி" என்று எழுதுவார்கள். நாமும் சந்தோஷப்படுவோம். இந்த இடத்தில் கொஞ்சம் நின்று ஒரு கணக்குப் போடுவோம். இது ஓர் உதாரணக் கணக்கு.

ஒரு பாடசாலையில் முதலாம் தரத்தில் 32 பிள்ளைகள் சேர்ந்தார்கள். பதினொரு வருஷம் கழித்து 14 பேர் சாதாரண தரப் பரீட்சை எழுதினார்கள். 7 பேர் உயர்தரம் படிக்கத் தகுதி பெற்றார்கள். 14இல் 7 என்றால் 50 வீதம். பலகையில் எழுதியது பொய்யில்லை.

ஆனால் சேர்ந்தவர்கள் 32 பேர் அல்லவா? அவர்களில் 6 பேர் வேறு பாடசாலைக்கு மாறிப் போனார்கள் என்று வைப்போம். மீதி 26. அதில் 7 பேர் என்றால் நூற்றுக்கு 27தான். பரீட்சை மண்டபத்துக்கே வராத 12 பிள்ளைகள் எங்கே? அவர்களை எந்தப் பலகையிலும் எழுத மாட்டார்கள். அவர்களில் ஒருவர் கொழும்பில் சாப்பாட்டுக் கடையில் இருக்கலாம். ஒருவர் வீட்டில் தம்பி தங்கையைப் பார்த்துக்கொண்டு இருக்கலாம். ஒருவர் பேர் பதியக் காத்துக்கொண்டு இருக்கலாம்.

அதனால் பாடசாலையை அளக்க மூன்று எண்களைக் கேளுங்கள். ஒன்று, சேர்ந்தவர்களில் எத்தனை பேர் 11ஆம் தரம் வரை வந்தார்கள். இரண்டு, தாய்மொழியிலும் கணிதத்திலும் எத்தனை பேர் சித்தி. உயர்தரத்துக்குப் போவதற்கான பொதுத் தகுதி, இந்த இரண்டும் உட்பட ஆறு பாடத்தில் சித்தியும் அவற்றில் மூன்றில் திறமைச் சித்தியும் ஆகும். ஏழு பாடத்தில் நல்ல பெறுபேறு எடுத்த பிள்ளையும் கணக்கில் விழுந்தால் வழி குறுகிவிடுகிறது. அந்த அம்மா மகளுக்காகத் தவித்தது இதனால்தான். மூன்று, தினசரி வரவு.

வரவுக்கும் ஒரு கணக்கு உண்டு. வாரத்தில் ஒரு நாள் பிள்ளையை நிறுத்தினால் பெரிய நஷ்டம் இல்லை என்று தோன்றும். ஐந்து நாளில் ஒரு நாள் என்றால் ஐந்தில் ஒரு பங்கு. பதினொரு வருஷப் படிப்பில் இரண்டு வருஷத்துக்கு மேல் போய்விடுகிறது. சம்பள நாள், கடைக்குப் போகும் நாள், திருவிழா, மழை, சின்னப்பிள்ளைக்குக் காய்ச்சல் என்று ஒவ்வொன்றாகப் போகும் நாட்கள் இவை. ஆசிரியர் இல்லை என்று கேட்கப் போகும் நமக்கு இந்தக் கணக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

சட்டமும் இதில் தெளிவாக இருக்கிறது. 1998இல் 5 முதல் 14 வயது வரை கட்டாயக் கல்வி நடைமுறைக்கு வந்தது. 2016இல் அது 16 வயது வரை என்று உயர்த்தப்பட்டது. வேலைக்கு அமர்த்தும் குறைந்த வயதும் 2021இல் 16 ஆனது. பதினைந்து வயதுப் பிள்ளையைக் கொழும்பு வீட்டுக்கு அழைத்துப்போக வரும் தரகர் நல்லவராக இருக்கலாம், உறவுக்காரராகவும் இருக்கலாம். சட்டப்படி அது குற்றம்.

ஆசிரியர் ஏன் நிற்பதில்லை?

நாடு முழுவதையும் சேர்த்துப் பார்த்தால் ஓர் ஆசிரியருக்குச் சுமார் 17 பிள்ளைகள். இதைக் கேட்டால் ஆசிரியர் தாராளமாக இருக்கிறார்கள் என்று தோன்றும். சராசரி என்பது அப்படித்தான், கொழுந்து நிறைந்த மலையையும் காய்ந்த மலையையும் சேர்த்து நிறுத்தால் எது காய்ந்தது என்று தெரியாது. சின்னப் பாடசாலையில் 60 பிள்ளைகளுக்கு 5 ஆசிரியர் இருப்பார்கள். கணக்கில் பார்த்தால் 12 பேருக்கு ஒருவர். ஆனால் அந்த ஐவரில் கணிதமோ விஞ்ஞானமோ ஆங்கிலமோ படித்தவர் ஒருவரும் இல்லாமல் இருக்கலாம்.

கஷ்டப் பிரதேசம், அதிகஷ்டப் பிரதேசம் என்று பாடசாலைகளை வகுத்து, அங்கே வேலை செய்பவர்களுக்குக் கொடுப்பனவும் வைத்திருக்கிறார்கள். இருந்தாலும் வருகிற ஆசிரியர் காலம் முடிந்ததும் மாற்றம் கேட்கிறார். பஸ் இல்லை, தங்க அறை இல்லை, ஐந்து மைல் நடை. அவரையும் நாம் குறை சொல்ல முடியாது. 2015ஆம் ஆண்டளவில் தோட்டப் பாடசாலைகளுக்கென்று 3,000 ஆசிரிய உதவியாளர்களைச் சேர்க்கும் திட்டம் வந்தது. பெரும்பாலும் தோட்டத்துப் பிள்ளைகளே சேர்ந்தார்கள். ஆரம்பத்தில் மாதம் 6,000 ரூபா, பின்பு 10,000 ரூபா என்று சிறு கொடுப்பனவுக்கு வருஷக்கணக்காக அவர்கள் நின்று படிப்பித்தார்கள். பக்கத்து லயத்தில் வளர்ந்தவர் அந்த மழையிலும் வருவார். இது நாம் மறக்கக் கூடாத பாடம்.

இன்னொரு பயமும் பெற்றோருக்கு இருக்கிறது. "புள்ளைங்க கொறைஞ்சா ஸ்கூலை மூடிருவாங்களா?" நாட்டில் சுமார் 3,000 பாடசாலைகளில் 100 பிள்ளைகளுக்கும் குறைவு. பெரிய பாடசாலையோடு சேர்த்தால் எல்லாப் பாடத்துக்கும் ஆசிரியர் கிடைப்பார் என்பது ஒரு நியாயம். ஆறு வயதுப் பிள்ளை பனியில் நாலு கிலோமீற்றர் நடக்க வேண்டும் என்பது மறு நியாயம். எங்கள் கருத்து இதுதான்: ஆரம்ப வகுப்புகள் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். மேல் வகுப்புகளைச் சேர்ப்பதானால் முதலில் பஸ், பிறகு சேர்ப்பு. பஸ்ஸைப் பற்றிப் பேசாமல் வரும் எந்தத் திட்டத்துக்கும் கையொப்பம் வைக்க வேண்டாம்.

நாம் என்ன செய்யலாம்?

ஒவ்வோர் அரசாங்கப் பாடசாலையிலும் பாடசாலை அபிவிருத்திச் சங்கம் உண்டு. பெற்றோரும் ஆசிரியர்களும் அதன் அங்கத்தவர்கள், அதிபர் தலைவர். நிர்வாகக் குழுவை வருடாந்தப் பொதுக்கூட்டத்தில் தெரிவு செய்ய வேண்டும். வரவு செலவுக் கணக்கை அந்தக் கூட்டத்தில் வாசிக்க வேண்டும். இந்தச் சங்கம்தான் நம் கையில் இருக்கும் கருவி.

ஆனால் கூட்டத்துக்கு யார் வருகிறார்கள்? "காலையில பத்து மணிக்குக் கூட்டம் வச்சா எங்களுக்குப் பேரு போகுமே" என்கிறார்கள் தாய்மார். நியாயமான பேச்சு. கூட்டத்தை மாலை நாலரைக்கு, அல்லது ஞாயிற்றுக்கிழமை வையுங்கள் என்று எழுதிக் கேளுங்கள். தோட்ட நிர்வாகத்திடம் அன்றைக்கு மட்டும் நேரத்தோடு மலையில் இருந்து இறக்கிவிடும்படி தலைவர் ஊடாகக் கேட்கலாம்.

கூட்டத்தில் நாலு விஷயம் கேளுங்கள். அங்கீகரிக்கப்பட்ட ஆளணிப்படி நம் பாடசாலைக்கு எத்தனை ஆசிரியர், எந்தெந்தப் பாடத்துக்கு? இப்போது எத்தனை பேர் இருக்கிறார்கள்? வெற்றிடத்தை எந்தத் திகதியில் வலயத்துக்கு எழுத்தில் அறிவித்தீர்கள்? இந்த வருஷம் தர உள்ளீட்டு நிதி எவ்வளவு வந்தது, எவ்வளவு செலவானது? சண்டை வேண்டாம். அதிபரும் தனியாளாகத்தான் இழுத்துக்கொண்டு இருக்கிறார். நாம் பின்னால் நின்றால் அவருக்கும் பலம்.

பிறகு சங்கத்தின் பெயரில் வலயக் கல்விப் பணிப்பாளருக்குக் கடிதம் எழுதுங்கள். தமிழிலேயே எழுதலாம். பெரிய வார்த்தை தேவையில்லை. இப்படி:

"எங்கள் பாடசாலையில் 10ஆம், 11ஆம் தரங்களில் இத்தனை பிள்ளைகள் கற்கிறார்கள். இந்தத் திகதியில் இருந்து கணித ஆசிரியர் இல்லை. இந்த வருடம் இத்தனை பேர் பரீட்சை எழுத இருக்கிறார்கள். நிரந்தர நியமனம் கிடைக்கும்வரை பக்கத்துப் பாடசாலையில் இருந்து ஓர் ஆசிரியரை வாரத்தில் சில நாட்களுக்காவது இணைப்புச் செய்து தருமாறு கேட்டுக்கொள்கிறோம்."

கடிதத்தைப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள், அல்லது கையில் கொடுத்து உங்கள் பிரதியில் முத்திரை வாங்குங்கள். பிரதி ஒன்று மாகாணக் கல்விப் பணிப்பாளருக்கு.

பதில் வராவிட்டால் இன்னொரு வழி உண்டு. 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி, அரசாங்க அலுவலகத்தில் உள்ள தகவலைக் கேட்க ஒவ்வொரு பிரஜைக்கும் உரிமை இருக்கிறது. ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. வலயத்தில் எத்தனை கணித ஆசிரியர், அவர்கள் எந்தெந்தப் பாடசாலையில் என்று தகவல் அலுவலருக்கு எழுதிக் கேட்கலாம். 14 வேலை நாட்களுக்குள் அவர் முடிவு சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் மேன்முறையீடு செய்யலாம். எழுதத் தெரியாவிட்டால் வாயால் சொன்னாலும் அந்த அலுவலர் எழுதிக்கொள்ளக் கடமைப்பட்டவர். அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்பார்கள். எழுதிக் கேட்ட பிள்ளைக்குச் சீக்கிரம் கிடைக்கும்.

மேல் டிவிசனில் நடந்தது

அந்தத் தாய்மாரும் கடிதம் எழுதினார்கள். உயர்தரம் படித்த ஒரு தங்கச்சி எழுதிக் கொடுத்தார். 41 பேர் கையொப்பம் வைத்தார்கள், சிலர் பெருவிரல் பதித்தார்கள். ஐந்து பேர் ஒரு நாள் பேரை விட்டுவிட்டு வலய அலுவலகத்துக்குப் போனார்கள். முதல் நாள் அதிகாரி இல்லை. இரண்டாம் முறை போனார்கள். அன்று பார்க்க முடிந்தது. வெற்றிடம் பற்றிய பழைய கடிதம் ஃபைலில்தான் இருந்தது. அதற்குப் பின்னால் யாரும் போகவில்லை.

மூன்று வாரத்தில் பக்கத்துப் பாடசாலையில் இருந்து ஓர் ஆசிரியை வாரத்தில் மூன்று நாள் இணைப்பாக வரத் தொடங்கினார். நிரந்தரமாக இன்னும் ஒருவர் வரவில்லை. பரீட்சைக்கு அப்போது நாலு மாசம் இருந்தது. ஒரு வருஷப் பாடத்தை நாலு மாசத்தில் முடிக்க முடியுமா என்று எங்களுக்குச் சொல்லத் தெரியாது. ஆசிரியை சனிக்கிழமையும் வருகிறார். தாய்மார் முறை வைத்து அவருக்குச் சோறு கொடுக்கிறார்கள்.

அண்மையில் அங்கே போனபோது அந்த அம்மா சொன்னது இதுதான்: "இது தெரிஞ்சிருந்தா போன செப்டம்பர்லயே போயிருப்போம் சார். அந்த வகுப்புலேருந்து ரெண்டு பையனுங்க இனி என்னா படிச்சுன்னு கொழும்புக்குப் போயிட்டானுங்க. அவனுங்களையும் நிப்பாட்டியிருக்கலாம்."

கலந்துரையாடுவோம்

இந்தப் பாடத்தை லயத்தில் சேர்ந்து வாசித்துவிட்டுக் கீழ்வரும் கேள்விகளைப் பேசிப் பாருங்கள்.

1. நம் பாடசாலை எந்த வலயத்தில், எந்தக் கோட்டத்தில் இருக்கிறது? அலுவலகம் எந்த ஊரில்?

2. கடைசியாகப் பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டம் எப்போது நடந்தது? நம் லயத்தில் இருந்து யார் போனார்கள்?

3. பதினொரு வருஷத்துக்கு முன் முதலாம் தரத்தில் சேர்ந்த நம் லயத்துப் பிள்ளைகளின் பெயரை ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள். இன்று ஒவ்வொருவரும் எங்கே?

4. எந்தப் பாடத்துக்கு ஆசிரியர் இல்லை? அதை இன்று யார் எழுதப் போகிறார்கள்?

மூன்றாவது கேள்விக்குப் பதில் சொல்லும்போது அவசரப்பட வேண்டாம். பெயரைச் சொல்லிச் சொல்லி எண்ணுங்கள். பாடசாலை யாருடையது என்பது அப்போது எல்லோருக்கும் விளங்கும்.